தம்பியின் பழைய குரல்

குமரண்ணன் விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். தவில் வாசிக்கிறவர்கள் வலது கை விரல்நுனிகளில் மாட்டிக்கொள்ளும் கெட்டியான உறைக்குத்தான் அந்தப் பெயர். இரண்டு விரல் முடிந்திருக்கும். மூன்றாவது விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"செல்வி, இங்க வா. லோரியில கம்பி எறக்குறானுங்க."

பாஸ் கிட்டாரைக் கழற்றாமலேயே போய் எட்டிப் பார்த்தேன். சூலியா தெருவிலிருந்து பிரிந்து போகிற சந்து அது. எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு லாரி நின்றது. இரும்புக் கம்பிகள், பலகைகள், அடுக்கடுக்காகச் சிவப்பு நாற்காலிகள். பின்னால் நின்ற இன்னொரு லாரியில், மூங்கிலாலும் தாளாலும் செய்த ஒரு பெரிய அரசர், முகத்தை மூடிய பிளாஸ்டிக் உறையோடு மல்லாந்து படுத்திருந்தார்.

பினாங்கில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சீனர்களின் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. பசியோடு சுற்றும் ஆவிகளுக்கும் அவற்றை ஆளும் அந்த அரசருக்கும் தெருவில் மேடை போட்டு, மத்தியானமும் சாயங்காலமும் கூத்து நடத்துவார்கள். மேளம், பெரிய வெண்கலத் தட்டு, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. இந்த வருடம் மேடை எங்கள் ஜன்னலுக்கு எதிரே வருகிறது.

எங்களுக்கு அந்த அறை மூன்று நாளைக்குத்தான். அதற்குள் என் தம்பி தினாவின் குரலை ஒரு முழு ஆல்பத்துக்கும் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு மறுநாள் அவன் தொண்டையில் அறுவை சிகிச்சை.

தினா மூலையில் துணிக்கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். பாடுகிற நேரம் தவிர வாயைத் திறக்கக் கூடாது என்பது என் உத்தரவு. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான், கீழே பார்த்தான், தோள் குலுங்கச் சிரித்தான். சத்தமே இல்லாத சிரிப்பு.

கல்யாணத்தை நம்பியவர்கள்

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஃபேக்டரி வேலையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு சொந்தக்காரர் ஃபோன் செய்தார். சிப் சோதிக்கிறவளுக்குக் கிட்டார் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கல்யாண விருந்துகளில் வாசிக்கும் ஒரு பேண்டில் பாஸ் கிட்டார் வாசித்த பையன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது கிட்டாரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். ஒரு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். இன்றுவரை வரவில்லை. வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று நான் தட்ட ஆரம்பித்தேன், பிறகு பேண்டிலும் அவன் இடத்தில் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் எதுவும் வீணாகப் போவது அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் தடுக்கவும் இல்லை.

தினா அந்த விருந்துகளில் எம்.சி. மைக்கைப் பிடித்து மணமக்களை வரவேற்பது, சொந்தக்காரர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது, கேக் வெட்டும்போது கூட்டத்தைக் கத்த வைப்பது எல்லாம் அவன் வேலை. அவன் ராப் பழகியதும் அங்கேதான். மாமா வீட்டார் பெயர்களையெல்லாம் மூச்சு விடாமல் அடுக்கிச் சொல்ல வேண்டிய தொழில் அல்லவா.

டிரம்ஸ் வாசிக்கும் ரபீக்கும் நானும் ஒரே பள்ளிக்கூடம். பகலில் அவன் குடும்பத்துத் துணிக்கடையில் இருப்பான். குமரண்ணன் டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் பக்கத்து வீடு. காலையில் கோவில் கல்யாணத்தில் தவில், மாலையில் எங்களோடு பாட்டு. ஆக நாங்கள் நான்கு பேருமே கல்யாணத்தை நம்பி ஓடுகிறவர்கள். வைகாசி, ஆவணி வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் இருக்காது. ஆடி வந்தால் எல்லோரும் சும்மா. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

அதனால் டாக்டர் சிகிச்சைக்கு ஆடிக் கடைசியில் நாள் குறித்தபோது, அந்தக் கவலையிலும் எங்களுக்கு ஒரு சின்னத் திருப்தி. எல்லோரும் ஓய்வாக இருக்கிற சமயம். கடையின் மாடி அறையை ரபீக் கேட்டு வாங்கினான். அம்மா ராகுகாலம் பார்த்தாள். ரபீக் அவர்கள் பக்கத்து நாட்களைப் பார்த்தான். நம் ஊர்க் காலண்டரில் ஒரே தாளில் தமிழ் தேதி, ஹிஜ்ரி தேதி, சீனத் தேதி மூன்றும் அச்சடித்திருக்கும். அந்த மூன்றாவதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

எங்கள் சவுண்ட் ஆள் கெங் ஒரு சீனன். அவனாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். தெரிந்துதான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன், புதுமையாக ஏதோ செய்யப்போகிறீர்கள் போலிருக்கிறது என்றான். அடிக்கலாம் போல இருந்தது.

ஒரு சின்னக் கட்டி

தினாவின் குரல் கரகரக்கத் தொடங்கியது அதற்கு முந்தைய கல்யாண சீசனில். சளி என்று நினைத்தோம். இஞ்சி, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. கேட்கிறவர்களுக்கு அந்தக் கரகரப்பு பிடித்துப்போனதுதான் கொடுமை. ராப்புக்கு ஏத்த குரல் என்று பாராட்டினார்கள். அவனும் அதை நம்பி இன்னும் கொஞ்சம் கத்தினான்.

ஒரு நாள் விருந்து நடுவே மணப்பெண்ணின் பெயரைச் சொல்ல வாய் திறந்தான், காற்றுதான் வந்தது. மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு, திரையில் காட்டினார்கள். குரல் நாண் ஓரத்தில் பயறு அளவுக்கு ஒரு கட்டி.

எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்துச் சோதித்தால்தான் அது என்னவென்று தெரியும் என்றார். குரல் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் எந்த மாதிரித் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அவர் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லும் அந்த அறையில் இருந்தது. அது எனக்கும் கேட்டது, தினாவுக்கும் கேட்டது.

அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அதற்குள் பாட்டுகளைப் பதிவு செய்துகொள்ளலாமா? கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே ஓய்வெடுத்துக்கொண்டு செய்யலாம், கத்தவே கூடாது என்று டாக்டர் அனுமதித்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நான் அழுதேன். அவன் ரேடியோவைப் போட்டான்.

மெஷின் நிற்காது

அதுவரை எங்கள் பாட்டுகளில் தாளமெல்லாம் லேப்டாப்பில் செய்ததுதான். தினா வரிகளை எழுதுவான், கெங் தாளம் போடுவான், நாங்கள் மேலே கொஞ்சம் தூவுவோம். இந்த ஆல்பம் அப்படி வேண்டாம், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து என்கூட வாசிக்க வேண்டும் என்று தினா பிடிவாதம் பிடித்தான். கெங்குக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும், தொண்டை சரியில்லாதவன் செய்கிற காரியமா இது என்று கேட்டான்.

"மெஷின் நிக்காதுக்கா," என்று தினா என்னிடம் சொன்னான். "எனக்கு மூச்சு முட்டுச்சின்னா அது பாட்டுக்குப் போயிரும். நீங்கன்னா நிப்பீங்க."

அதன் அர்த்தம் ஒத்திகையில்தான் எனக்கு விளங்கியது. கல்யாணத்தில் தவில்காரர் பார்ப்பதெல்லாம் ஐயர் கையைத்தான். தாலி எடுக்கும்வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருப்பார், எடுத்ததும் கெட்டிமேளம். ஐயர் தாமதித்தால் இன்னொரு சுற்று, அவ்வளவுதான். குமரண்ணன் அதே வேலையை தினாவின் தோளைப் பார்த்துச் செய்தார். மூச்சுக்காக அவன் தோள் ஏறினால், தவில் அதே இடத்தில் இன்னொரு சுற்று சுற்றும். ரபீக் காலால் மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் பாஸில் ஒரே சுரத்தைச் சுற்றி, மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டத்துக்கு வாசிப்பதுபோல முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பேன். தோள் இறங்கியதும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவோம். கேட்கிறவர்களுக்கு அது பாட்டிலேயே இருக்கிற திருப்பம் போலத்தான் இருக்கும். இரண்டு ஒத்திகை முடிந்ததும் கெங் வாயை மூடிக்கொண்டான்.

கீழே போய் வந்த குமரண்ணன்

அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு எதிரில்தான் மேடை எழும்பிக்கொண்டிருந்தது. முதல் நாள் முழுதும் சுத்தியல் சத்தம். ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. தினா பாட ஆரம்பித்தால் கீழே ஒருவன் கம்பியைக் கீழே போடுவான்.

குமரண்ணன் ஹொக்கியன் பேசுவதைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சீனர் என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் பாசாரில் மீன் வாங்க மட்டும்தான் ஆகும். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு கீழே போனார். விழாக் கமிட்டியில் பெரியவர் ஒருவர் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசுவதை நாங்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் குமரண்ணன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பெரியவர் நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். தினா கையாட்டினான்.

திரும்பி வரும்போது குமரண்ணன் கையில் ஒரு பொட்டலம். லோ ஹான் குவோ காய், கொதிக்க வைத்துக் குடித்தால் தொண்டைக்கு நல்லதாம். கூத்தை நிறுத்த முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். இது அவருடைய நிகழ்ச்சி இல்லையாம், வருடத்துக்கு ஒரு தடவை வருகிற விருந்தாளிகளுடையதாம். ஆனால் காலை நேரத்தில் ஆணி அடிக்காமலும் மைக் சோதிக்காமலும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டாம் நாள் காலையும் மூன்றாம் நாள் காலையும் சந்து அமைதியாக இருந்தது. ரபீக் ஜன்னலுக்குத் துணிக்கட்டுகளை முட்டுக்கொடுத்தான். புதுத்துணியும் நாப்தலினும் கலந்த வாசனையில் வியர்க்க வியர்க்க வாசித்தோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டதும் நிறுத்திவிடுவோம். ரபீக் தொழுதுவிட்டு வருவான், தினாவுக்கு அதுவே ஓய்வு. இப்படியே ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் ஒரு பாட்டு மிஞ்சியது.

முன்வரிசை

அந்தப் பாட்டுதான் ஆல்பத்துக்கே உயிர் என்று தினா சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாண மேடைக்கு யாருமே அழைக்காத ஆட்களை எம்.சி. ஒருவன் பெயர் சொல்லி அழைக்கிறான். அதுதான் பாட்டு.

*மாலை போட்டவன் மேடையில நிக்கிறான்,*
*மாலை கட்டுனவன் மறைவுல நிக்கிறான்.*
*பேரைச் சொல்லிக் கூப்புடுறேன், மேல வா.*

மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு ரபீக் போனபோது தினா துணிக்கட்டின்மேல் படுத்துத் தூங்கிவிட்டான். முகம் வெளுத்திருந்தது. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அவன் கண் விழித்தபோது கீழே கூத்து தொடங்கிவிட்டது. மேளமும் தட்டும் ஒலிபெருக்கியும் சேர்ந்து பலகைத் தரையே அதிர்ந்தது. கெங் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தான். முடியாது என்று தலையாட்டினான்.

தினா எழுந்துபோய், முட்டுக்கொடுத்திருந்த துணிக்கட்டை நகர்த்திவிட்டுக் கீழே பார்த்தான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மேடைக்கு முன்னால் சிவப்பு நாற்காலிகள். பின்வரிசைகளில் நாலைந்து கிழவர்கள், ஒரு சுற்றுலாப் பயணி. முன்வரிசை முழுதும் காலி. அது ஆவிகளுக்கு. உயிரோடு இருக்கிற யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

அவன் அந்தக் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் கையைப் பிடித்தேன், கை சில்லிட்டிருந்தது. அவன் பயத்தை அன்றுதான் பார்த்தேன். அதுவரை வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"ஜன்னல நல்லாத் தொறங்க," என்றான். "தொறந்தே பாடுறேன்."

கெங் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அவன் குரலில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. முதல் இரண்டு பகுதியையும் எப்படியோ தாண்டினான். மூன்றாவதில் தோள் ஏறியது, ஏறியபடியே நின்றது. குமரண்ணன் ஒரு சுற்று சுற்றினார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. தினாவின் வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. ரபீக் என்னைப் பார்த்தான். நான் பாஸில் நடந்துகொண்டே இருந்தேன், நிறுத்தினால் அவ்வளவுதான் என்று தெரிந்தது.

அப்போது கீழே பெரிய தட்டை ஒருவன் ஓங்கி அடித்தான். அந்த அதிர்வு அடங்கும் முன்னால் தினா பாடத் தொடங்கினான். எழுதி வைத்திருந்த வரிகள் இல்லை.

*முன்வரிச நாற்காலி எனக்குப் போட்டதா?*
*போட்டா இருக்கட்டும், நான் இன்னும் மேடையில.*

கீழே தட்டை அடித்தவனுக்கு எங்களைத் தெரியாது. கூத்தில் யாரோ ஒரு தளபதி மேடைக்கு வந்திருப்பான், அதற்காக அடித்திருப்பான். நான் இதையெல்லாம் தெய்வச் செயல் என்று சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று அந்த ஆளுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

தட்டிப் பேசிய நாட்கள்

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு டாக்டர் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. தினா மேசையைத் தட்டிப் பேசினான். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் வேண்டாம். அம்மா மூன்றாவது தோசை போடும்போது கெட்டிமேளம். இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பல நாள் சத்தம் போடாதே என்று அவனைத் திட்டியிருக்கிறேன். இப்போது குளியலறையில் அவன் பக்கெட்டை இடித்தால்கூட நிம்மதியாக இருந்தது.

சோதனை முடிவு வாங்கப் போன அன்று அம்மா அம்மன் கோவிலுக்குப் போய்விட்டாள். கிளினிக்கில் நானும் அவனும் மட்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். சாதாரணக் கட்டிதான், கத்திக் கத்தி வந்தது. சுத்தமாக எடுத்தாகிவிட்டது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தினா டாக்டரின் மேசையில் ஒரு முறை தட்டினான்.

அன்று மாலை நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். ரபீக் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தான். குமரண்ணன் கறிக்குழம்பு வழிய வழியப் பிசைந்துகொண்டே அழுதார். உறைப்பு என்று சொன்னார். நாங்களும் அதை நம்பினோம்.

இரண்டு பதிவு

குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் வெறும் காற்று, பிறகு நூல்போல ஒரு சத்தம். சில வாரங்களில் தெளிந்துவிட்டது. பழைய கரகரப்பு இல்லை. கொஞ்சம் மேலேறிய, சுத்தமான குரல். ஃபோனில் பேசினால் அவன்தான் என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை.

அந்தக் கடைசிப் பாட்டை மறுபடி பதிவு செய்யலாம் என்று கெங் யோசனை சொன்னான். தெருச் சத்தம் முழுதும் அதில் ஏறியிருக்கிறது, தனியாகப் பிரிக்கவே முடியாது என்றான். டாக்டரும் சரி என்றார். குளிர்சாதனம் போட்ட ஸ்டூடியோவில், கதவை மூடிக்கொண்டு வாசித்தோம். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. தினாவின் தோள் ஏறவே இல்லை, எங்கும் காத்திருக்க வேண்டியும் வரவில்லை.

பிறகு துணிக்கடை மாடியில் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். புதியதில் ஒரு பிசிறு இல்லை. முன்வரிசை நாற்காலி என்ற இடம் வந்தபோது, அது வேடிக்கையாகச் சொல்கிற வரிபோல இருந்தது. பழையதில் அந்த இடம் வந்தபோது ரபீக் எழுந்து ஜன்னலோரம் போய்விட்டான்.

தினாதான் முதலில் பேசினான்.

"இவன் நல்லாத்தான் பாடுறான். ஆனா இவனுக்குப் பயமே இல்லையேக்கா. பயந்தவன் பாடுனதையே போடுவோம்லா."

அப்படியே செய்தோம். ஆல்பம் வெளிவந்ததும் கமிட்டிப் பெரியவருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் முழுதும் கேட்டுவிட்டு, தட்டுச் சத்தம் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கலாம் என்றார். கேட்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் சொல்கிறார்கள். அந்தக் குரலுக்காகத்தான் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் மட்டும் அதை அதிகம் கேட்பதில்லை. ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், என் ஃபோனில் கெங் ஏற்றிக் கொடுத்த இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறேன், ஸ்டூடியோவில் வாசித்து, நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை. பாட்டாக அது தேறாது. ஆனால் அதில் தம்பி மூச்சு முட்டாமல் கடைசிவரை போகிறான்.